ருக்மணியின் கைராசியும் மெம் கொடுத்த கீரை விதையும்

மலாக்காவின் காஜா பெராங்கில் ருக்மணியின் வீட்டைக் கண்டுபிடிக்க இலக்கம் தேவையில்லை. கைராசிக்காரி வீடு என்று சொன்னால் போதும், ரிக்‌ஷாக்காரர் வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். ஏழு வீடுகள் சேர்ந்த வரிசையில் அதுதான் கடைசி வீடு. அதை ஒட்டினாற்போல ஒரு ரொட்டிக்கடை. ருக்மணியின் அடுப்படிக்கும் அந்தக் கடையின் பெரிய விறகு அடுப்புக்கும் நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவர். சுவரைத் தாண்டி வரும் ரொட்டி வாசனையில் அவள் புருஷன் நடராஜனுக்கு எந்நேரமும் பசி எடுக்கும். ரோட்டுக்குத் தார் ஊற்றும் வேலை அவனுக்கு. வீட்டுக்கு வந்தால் சாப்பிடுவான், தூங்குவான், நடுவில் எப்போதாவது ஒரு வார்த்தை சொல்வான். மீதி வார்த்தைகளையெல்லாம் அவனுக்கும் சேர்த்து ருக்மணியே பேசிவிடுவாள்.

அவளுக்கு அந்தப் பட்டம் வந்தது முளைப்பாரியால். ஆடி மாதம் அம்மன் கோவிலுக்கு முளைப்பாரி எடுக்க அந்த வரிசைப் பெண்கள் எல்லோரும் பானையில் வைக்கோலும் எருவும் நிரப்பி, ஊறவைத்த நவதானியத்தைப் பரப்பி, வெளிச்சம் படாமல் மூடி வளர்ப்பார்கள். பத்தாம் நாள் பானைகளை வெளியே எடுத்தால் மற்றவர்களுடைய முளை விரல் உயரம் நிற்கும். ருக்மணியின் பானையில் முழங்கை உயரத்துக்கு மஞ்சளாக எழுந்து நிற்கும். பதினோரு வருடமாக இதே கதை. அதனால் ஊர்வலத்தில் முதல் பானை அவளுக்குத்தான். அதோடு நின்றதா? கடை திறந்தால் முதல் சாமானை அவள் கையால் வாங்கவேண்டும். புதுவீட்டில் பால் காய்ச்சினால் அடுப்பை அவள் மூட்டவேண்டும். கல்யாணத்துக்குப் பாலிகைச் சட்டியில் விதை தெளிக்க ருக்மணியைக் கூப்பிடு என்பார்கள். அவளும் "எல்லாம் ஆத்தா குடுத்தது, என்கிட்ட என்ன இருக்கு" என்று அடக்கமாகச் சொல்லிக்கொண்டே ரவிக்கைத்துணியை வாங்கிக்கொள்வாள்.

பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தபோது அந்தக் கை சாதாரணக் கைதான். அங்கே அவள் நட்ட மிளகாய் மற்றவர்கள் நட்ட மிளகாய் மாதிரியே காய்த்தது, மற்றவர்களுடையது மாதிரியே பூச்சி விழுந்து செத்தது. ஜப்பான்காரன் போன மறுவருடம் நடராஜனுக்கு டவுனில் வேலை கிடைத்து இந்த வீட்டுக்குக் குடிவந்தார்கள். வந்த முதல் ஆடியிலேயே முளை முழங்கை உயரம் வந்துவிட்டது. இடம் மாறினால் யோகம் மாறும் என்று ருக்மணி அதற்கு மேல் யோசிக்கவில்லை. நன்றாக நடக்கிற ஒன்றை யார்தான் உட்கார்ந்து யோசிப்பார்கள்?

அவள் வருவதற்கு முன்னால் முதல் பானை கோகிலாவுடையதாக இருந்தது. வரிசையில் மூத்த குடி அவள்தான். ருக்மணிக்கு மூன்று வயது பெரியவள், வாய் குறைவு. அவள் வீடு மறுகோடியில், பலாமரத்துக்கு அடியில், கிணற்றை ஒட்டி இருந்தது. வெயில் எட்டிப்பார்க்காத வீடு. அந்த வீட்டு முளை எப்போதும் குட்டையாகத்தான் வரும். எல்லோருடையதும் குட்டையாக இருந்தவரை யாருக்கும் அது உறுத்தவில்லை. ருக்மணியின் பானை பக்கத்தில் வந்து நின்றபிறகு கோகிலாவுக்குக் கைராசி இல்லை என்ற பேச்சு தானாகக் கிளம்பிவிட்டது.

ஐம்பத்தேழாம் வருடம், மெர்டேக்கா என்ற சுதந்திர நாளுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது தெங்கேரா கடலோர பங்களாவில் மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள். அங்கேதான் ருக்மணி துணி துவைத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். செப்டம்பரில் சீமைக்குக் கப்பல் ஏறப்போகும் அந்த வீட்டு வெள்ளைக்கார மெம், வேலைக்காரர்களுக்கு ஆளுக்கொன்றாகச் சாமான் கொடுத்தாள். சமையல்காரருக்குப் பீங்கான் தட்டுகள் போயின. கார் ஓட்டுபவருக்குச் சாய்வு நாற்காலி. மெத்தை விரிப்பு தனக்குத்தான் என்று ருக்மணி மனதில் அதை இரண்டு பாவாடையாக வெட்டியே வைத்திருந்தாள். மெம் அவள் கையில் ஒரு சின்னத் தகர டப்பாவைக் கொடுத்தாள். உள்ளே ஒரு பிடி விதை.

மெம் மலாயில் சொன்னதாவது: இது சாலட் கீரை விதை, புதுசு, போன மாதம்தான் கப்பலில் வந்தது. மூன்று வருடமாக இந்த மலாக்காவில் சட்டி சட்டியாகப் போட்டுப் பார்த்துவிட்டேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. உன் கை விசேஷமான கை என்று சமையல்காரர் சொன்னார், உன்னால் முடிகிறதா பார். விரிப்பு போன வருத்தமெல்லாம் ருக்மணிக்கு அங்கேயே பறந்துவிட்டது. வெள்ளைக்காரச் சீமைவரைக்கும் தன் கையின் புகழ் எட்டிவிட்டதே என்று தலை கனத்தது. ஒரே வாரத்தில் முளைக்கவைத்துக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு, வரும் வழியெல்லாம் பார்த்தவர்களிடமெல்லாம் டப்பாவைத் திறந்து காட்டினாள்.

தெருக்குழாயடியில் அன்றைக்குப் பேச்சு பிரஜா உரிமைப் பத்திரத்தைப் பற்றி ஓடிக்கொண்டிருந்தது. ருக்மணி அதை நடுவிலேயே வெட்டிவிட்டாள். மெம்மால் முடியாததைத் தன் கை செய்யப்போகிறது என்றாள். வெள்ளைக்காரன் போகும்போது நாட்டைத் தலைவர் துங்குவிடம் கொடுக்கிறான், கீரையை என்னிடம் கொடுத்திருக்கிறான் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கோகிலா மட்டும் குடத்தை அலம்பிக்கொண்டே கேட்டாள்.

"முளைக்கலேன்னா?"

"எங்கையில எது முளைக்காம போயிருக்கு கோகிலாக்கா?"

"அதான் கேக்கிறேன். ஒரு மெம் குடுத்த விதை முளைக்காத கையால ஆத்தாளுக்கு முதல் பானை எடுக்கலாமா?"

குழாயடியில் எல்லோரும் கோகிலாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. ருக்மணிக்கு வாய் சும்மா இருக்குமா? கோவிலில் முளை போடும் நாளுக்குள் இந்தக் கீரையை முளைக்கவைக்காவிட்டால் இந்த வருட முதல் பானையைக் கோகிலாவுக்கே விட்டுத்தருகிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். சாட்சிக்குச் சிவகாமியை வைத்தார்கள். சிவகாமி மலாக்காச் செட்டி வீட்டுப் பெண், பேச்சு மலாய்தான். தமிழில் நடக்கும் சண்டை அவளுக்குப் பாதிதான் புரியும் என்பதால் இரண்டு தரப்புக்கும் அவள்மேல் நம்பிக்கை இருந்தது. முளை போடும் நாளுக்கு அன்றிலிருந்து பதினெட்டு நாள்.

பதினெட்டு நாள் ருக்மணிக்குச் சிரிப்பாக இருந்தது. கேழ்வரகு ஒன்றரை நாளில் முளைக்கும், பச்சைப்பயறு ஒரே ராத்திரியில் வால்விடும். முளைப்பாரிக்கு என்ன செய்வாளோ அதையே இந்த விதைக்கும் செய்தாள். அரை டப்பா விதையை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டாள். ஈரத்துணியில் முடிந்து, வைக்கோல் சுற்றி, அடுப்படியின் மூலையில், முளைப்பாரிப் பானை வைக்கும் அதே இடத்தில், சுவரோடு சாத்திவைத்துக் கூடையைக் கவிழ்த்தாள். விதை என்றால் இருட்டும் கதகதப்பும் கேட்கும், இது தெரியாமலா பதினோரு வருடம் குப்பை கொட்டியிருக்கிறாள்?

மூன்றாம் நாள் பிரித்தால் விதை அப்படியே கிடந்தது. ஐந்தாம் நாளும் அப்படியே. கொஞ்சம் உப்பியிருந்தது, அவ்வளவுதான். குளிர் அடித்திருக்கும் என்று முடிவுகட்டி அடுப்புச் சாம்பலைச் சூட்டோடு அள்ளிச் சுற்றிலும் போட்டாள். ஏழாம் நாளும் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் விதையை எடுத்துப் பால்டின்னில் மண் போட்டு விதைத்து அதையும் சுவரோடு ஒட்டிவைத்தாள். அதுவும் மண்ணாகவே இருந்தது. நடராஜன் அன்றைய ஒரே வார்த்தையைச் சொன்னான்: "மெம் வறுத்துக் குடுத்துட்டாளோ என்னமோ." ருக்மணி அவன் தட்டில் சோற்றை வைத்த சத்தத்தில் அவன் அதற்கு அப்புறம் இரண்டு நாள் பேசவில்லை.

பதினோராம் நாள் அவள் ஒரு காரியம் செய்தாள். நல்ல காரியம் என்று நான் சொல்லமாட்டேன். அஞ்சறைப்பெட்டியிலிருந்து ஒரு பிடி கடுகை எடுத்து இன்னொரு டின்னில் போட்டாள். கடுகுக்கு என்ன, இரண்டே நாளில் பச்சைப்பசேலென்று எழுந்து நின்றது. அதைக் குழாயடிக்குத் தூக்கிக்கொண்டுபோய் சீமைக்கீரை என்று காட்டினாள். சிவகாமி கையைத் தட்டினாள், பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கோகிலா வந்து ஒரு முளையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள்.

மென்று முடித்து, மெம் ரசத்துக்குத் தாளித்துத்தான் சாப்பிடுவாளா என்று கேட்டாள். அன்றைக்குக் குழாயடி சிரித்த சிரிப்பு ரொட்டிக்கடைவரை கேட்டது. ருக்மணி ஏதோ டின் மாறிப்போச்சு என்று முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய் கதவைச் சாத்திக்கொண்டாள். கோகிலா விடாமல் வெளியிலிருந்தே, இன்னும் ஐந்து நாள் இருக்கிறது என்று நினைவுபடுத்தினாள். ருக்மணிக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. முதல் பானை போனால் கைராசி போகும். கைராசி போனால் தான் யார்? தோட்டத்திலிருந்து வந்த துணி துவைக்கிற ருக்மணி, அவ்வளவுதானே.

திருடுவது என்று முடிவெடுத்தாள். வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஆ செங் என்ற சீனருடைய காய்கறித் தோட்டம் இருந்தது. அவர் சாலட் கீரையும் போடுவார், பாசாரில் கொண்டுபோய் விற்பார். அவருடைய பாத்தியில் இருந்து நான்கு நாற்றைப் பிடுங்கி டின்னில் நட்டுவிட்டால் கோகிலா மென்று பார்த்தாலும் கீரை கீரையாகத்தான் இருக்கும். வெயில் உச்சிக்கு ஏறியதும் ஆ செங் குடிசையில் படுத்துத் தூங்குவார் என்று அவளுக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலி இடுக்கில் நுழைந்தாள்.

பாத்திக்குப் போகும் வழியில் அவருடைய கிணறு. கிணற்றின் கட்டையில் ஒரு சணல் கயிறு கட்டி உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது. ருக்மணிக்கு அந்தக் கயிற்றை ரொம்ப நாளாகத் தெரியும். பீர் பாட்டிலைக் குளிரவைக்கிறார் என்றுதான் நினைத்திருந்தாள். வந்த வேலையை விட்டுவிட்டுக் கயிற்றை இழுத்தாள். எதைப் பார்த்தாலும் திறந்து பார்க்காமல் போக அவளுக்கு வராது. தண்ணீருக்கு ஒரு சாண் மேலே தொங்கிக்கொண்டிருந்த ஒரு துணி முடிச்சு வந்தது. பிரித்தாள். உள்ளே அவளுடைய டப்பாவில் இருப்பது மாதிரியே சின்னச் சின்ன விதை. ஒவ்வொன்றிலும் வெள்ளையாக ஒரு மூக்கு எட்டிப்பார்த்தது.

"ஆச்சி, கிணத்துல என்ன விழுந்துச்சு?"

மலாயில் கேட்டுக்கொண்டு ஆ செங் பின்னால் நின்றார். ருக்மணி கூசாமல் வாளி விழுந்துவிட்டது என்றாள். வாளி அவர் காலடியில் இருந்தது. அவர் வாளியைப் பார்த்தார், அவள் கையிலிருந்த முடிச்சைப் பார்த்தார். கோபப்படாமல் முடிச்சை வாங்கி மறுபடி கட்டினார். ருக்மணி உடனே அவரை முதலாளி மரியாதையோடு தௌக்கே என்று கூப்பிட்டு, கண்ணில் தண்ணீர் வரவைத்து, டப்பா கதையை முழுக்கச் சொன்னாள். கடுகை மட்டும் சொல்லவில்லை.

எங்கே வைத்தாய் என்று ஆ செங் கேட்டார். அடுப்படியில், ரொட்டிக்கடைச் சுவரோரம், சூடாக என்று அவள் பெருமையாகச் சொன்னாள். அவர் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த சுருட்டு கீழே விழுந்துவிட்டது. "பானாஸ், டியா திடோர்" என்றார். சூடு பட்டால் இது தூங்கிவிடுமாம். சாவி, கங்கோங் மாதிரி மற்றக் கீரையெல்லாம் வெயிலிலேயே எழுந்துவிடும், இந்த விதை மட்டும் ராஜா வீட்டுப் பிள்ளை, குளிர்ச்சி இருந்தால்தான் கண் விழிக்கும். ரொம்பச் சூட்டில் தூங்கவைத்துவிட்டால் அப்புறம் குளிர்ந்த இடத்தில் வைத்தாலும் எழுப்புவது கஷ்டம். அதனால் நனைத்து முடிந்து மூன்று நாள் கிணற்றுக்குள் தொங்கவிடுகிறார். நடுநடுவே வெளியே எடுத்துத் தண்ணீரில் அலசி, நிழலில் கொஞ்சம் வெளிச்சம் காட்டுகிறார். மூக்கு வந்ததும் சாயங்கால வேளையில் அத்தாப்பு ஓலைப் பந்தலுக்குக் கீழே விதைக்கிறார்.

ருக்மணி வீட்டுக்கு ஓடிவந்து அடுப்படிச் சுவரில் கையை வைத்தாள். அப்போதுதான் பெட்டி போட்ட சட்டை மாதிரி சுட்டது. இத்தனை வருடமாக அந்தச் சுவரில் ஈரத்துணி காயப்போட்டிருக்கிறாள், ஒருநாளும் அதைப் பற்றி நினைத்ததில்லை. பாவி, விதையைத் தாலாட்டித் தூங்கவைத்திருக்கிறேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள். டப்பாவில் இன்னும் இரண்டு சிட்டிகை விதை மிச்சம். அதற்குமுன் ஊறிக்கிடந்ததையும் வீணாக்க மனமில்லாமல் இரண்டையும் தனித்தனி முடிச்சாகக் கட்டினாள்.

தொங்கவிட வரிசைக் கிணறுதான் உண்டு, அது கோகிலா வீட்டை ஒட்டியது. கோகிலா கண்ணில் பட்டால் இழுத்துப் பார்க்காமல் இருப்பாளா? தன்னை வைத்துத்தான் ருக்மணி பிறரை எடைபோடுவாள். ஒரு யோசனை தோன்றியது. முடிச்சுக்கு மேல் மஞ்சள் துணியைச் சுற்றி, குங்குமம் வைத்து, ஒரு வேப்பிலைக் கொத்தையும் செருகினாள். யாரோ நேர்ந்துகொண்டு கட்டியது என்று நினைத்து எவளும் தொடமாட்டாள். அப்படியே ஆயிற்று. மறுநாள் குளிக்கவந்த பெண்கள் கயிற்றைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் தள்ளி நின்று தண்ணீர் இறைத்தார்கள். சிவகாமி ஒரு ரோஜாப்பூவை உள்ளே போட்டாள். ஆள் இல்லாத நேரம் பார்த்து ருக்மணி வந்து முடிச்சை இழுத்து அலசிவிட்டுப் போவாள்.

மூன்றாம் நாள் பிற்பகல் அப்படி வந்தபோது யாரோ வரும் செருப்புச் சத்தம் கேட்டது. குளிக்குமிடத்துத் தகரத் தடுப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். வந்தது கோகிலா. குடம் கொண்டுவரவில்லை. கிணற்றுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, மஞ்சள் துணியைப் பார்த்துக் கைகூப்பி, தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தாள்.

"ஆத்தா, யார் நேந்து கட்டினதுன்னு தெரியல. எனக்கும் சேத்துக் கேளு. எம்பொண்ணு கல்யாணத்துல பாலிகைக்கு ஒரு பிடி விதை எங்கையால போட விடலே. பெத்தவ நான், ஓரமா நின்னேன். அவளுக்கு மூணு வருஷமா வயித்துல ஒண்ணும் தங்கல. எங்க சம்பந்தி அதுக்கும் எங்கையத்தான் சொல்றா. ஒரே ஒரு தடவ, ஊர் பாக்க எங்கையிலயும் ஒண்ணு முளைக்கட்டும்."

அந்தக் கல்யாணத்தில் பாலிகை தெளித்தது ருக்மணி. அன்றைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, பொண்ணைப் பெத்தவங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க என்று சொன்னதும் அவள்தான். கொடுத்த ரவிக்கைத்துணி ஊதா நிறம் என்பதுவரை நினைவுக்கு வந்தது. கீரையைத் தூங்கவைத்த அதே சுவர்தான் பதினோரு வருடமாகக் கேழ்வரகையும் பயறையும் இழுத்து முழங்கை உயரத்துக்கு நிறுத்தியிருக்கிறது என்பது அப்போதுதான் முழுசாக உறைத்தது. தன் கை தோட்டத்தில் இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படியேதான் இன்றும் இருக்கிறது. கோகிலாவின் கையில் எந்தக் குறையும் இல்லை, கிணற்றடியில் குளிர்ந்த வீடு, அவ்வளவுதான். வெட்கமாக இருந்தது. அவ்வளவு வெட்கத்தை அவள் கடுகைக் காட்டியபோதுகூடப் பட்டதில்லை.

கோகிலா போனபிறகு கயிற்றை இழுத்தாள். சாம்பலில் வெந்த பழைய முடிச்சில் இரண்டோ மூன்றோதான் கண் விழித்திருந்தன. புது முடிச்சு முழுக்க வெள்ளை மூக்கு. இரண்டு சிட்டிகையும் அப்படியே எழுந்துவிட்டிருந்தது. இதைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனால் கோகிலாவின் வாயை ஒரேயடியாக அடைத்துவிடலாம். ருக்மணி அந்த முடிச்சை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அப்புறம் வேலி இடுக்கில் நுழைந்து அதை ஆ செங்கிடம் கொடுத்து, உங்கள் பாத்தியில் ஒரு ஓரமாகப் போடுங்கள் தௌக்கே என்றாள்.

முளை போடும் நாள் காலையில் எல்லோரும் கூடினார்கள். ருக்மணி மண்ணாகக் கிடந்த பழைய பால்டின்னைக் கொண்டுவந்து சிவகாமி முன்னால் வைத்தாள். சிவகாமி குச்சியால் கிளறிப் பார்த்துத் தலையை ஆட்டினாள். தோற்றுவிட்டேன், முதல் பானை கோகிலாக்காவுக்கு என்று ருக்மணி சொன்னபோது யாரும் நம்பவில்லை, கோகிலா உட்பட. விட்டுக்கொடுத்தால் மட்டும் போதாது என்று ருக்மணிக்குத் தெரியும். கிணற்றடி வீட்டில் வளர்ந்த குட்டை முளையைத் தூக்கிக்கொண்டு கோகிலா ஊர்வலத்துக்கு முன்னால் நடந்தால் அதைவிடப் பெரிய அவமானம் இருக்கிறதா? அதனால் அடுத்த பொய்யைத் தயாராக வைத்திருந்தாள். ஆத்தா கனவில் வந்து, முதல் பானை யாருடையதாக இருந்தாலும் அது உன் அடுப்படி மூலையில்தான் வளரவேண்டும் என்று சொன்னாள் என்றாள். ஆத்தாவிடம் மனதுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள். தன் பானையைக் கொண்டுபோய்க் கோகிலா வீட்டுப் பின்கட்டில் வைத்தாள்.

பத்து நாள் கோகிலா காலையும் மாலையும் வந்து ருக்மணியின் அடுப்படியில் உட்கார்ந்து தன் பானைக்குத் தண்ணீர் தெளித்தாள். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ருக்மணிக்கு நாக்கு நமநமவென்று இருந்தது. அரிசியில் கல் பொறுக்கிப் பொறுக்கி அடக்கிக்கொண்டாள். கூடைக்கு அடியில் முளை தினமும் ஒரு விரல் ஏறியது. கோகிலா முதலில் சந்தேகத்தோடு பார்த்தாள். ஆறாம் நாள் கூடையைத் தூக்கியபோது அவள் கண் நிறைந்துவிட்டது. ருக்மணி அதைப் பார்க்காத மாதிரி வாசலுக்குப் போய்விட்டாள்.

அந்தக் கீரை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஆ செங்கின் பந்தலுக்குக் கீழே அது நன்றாக வந்தது. மெர்டேக்கா கொண்டாட்டமெல்லாம் முடிந்து, மெம் கப்பல் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்னால் ருக்மணி பத்து இலைகளை வாழையிலையில் பொட்டலம் கட்டிக்கொண்டுபோய்க் கொடுத்தாள். மெம்முக்கு வாய் மூடவில்லை. எப்படி முளைக்கவைத்தாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். மந்திரம் போட்டேன் மெம் என்றாள் ருக்மணி. அந்த மெத்தை விரிப்பு அன்றைக்கு அவள் கைக்கு வந்தது.

அது பிற்பாடு நடந்தது, ஊர்வலத்துக்கு வருகிறேன். பத்தாம் நாள் பானைகளைக் கோவில் முன்னால் வரிசையாக வைத்தார்கள். கோகிலாவின் பானையில் முளை முழங்கை உயரம் தாண்டி நின்றது. பக்கத்திலேயே ருக்மணியின் பானை, விரல் உயரத்தில், நோஞ்சானாக. பெண்கள் மாறி மாறிப் பார்த்துக் குசுகுசுத்தார்கள். மெம் விதையைத் தொட்டதில் ருக்மணியின் கைராசி தீட்டுப்பட்டுவிட்டது என்றாள் ஒருத்தி. போனது கோகிலாவிடம்தான் வந்திருக்கிறது என்றாள் இன்னொருத்தி. தை மாதம் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தவள் அங்கேயே கோகிலாவின் கையைப் பிடித்துக்கொண்டு பாலிகைக்கு நீதான் வரவேண்டும் என்றாள். நேற்றுவரை ருக்மணியிடம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள். ருக்மணிக்குச் சுருக்கென்று குத்தியது. ஓரமாக நிற்பது எப்படி இருக்கும் என்று இப்போது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

மேளம் ஆரம்பித்தது. பானையைத் தலைக்கு ஏற்ற இரண்டு பேர் வேண்டும். கோகிலா சும்மாடு கட்டிக்கொண்டு ருக்மணியைக் கூப்பிட்டாள். இருவரும் பானைக்கு இரண்டு பக்கம் குனிந்தார்கள். முளைகளுக்கு நடுவில் முகமும் முகமும் பக்கத்தில் இருந்தன. கோகிலா தணிந்த குரலில் பேசினாள்.

"ருக்கு, பத்து நாளா அந்தச் செவத்துல முதுகு சாச்சு உக்காந்திருக்கேன். சுடுறது எனக்குத் தெரியாதா?"

ருக்மணி பானையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். சத்தியமாகத் தனக்கும் தெரியாது என்றாள், ஆ செங் சொல்லித்தான் இரண்டு வாரமாகத் தெரியும் என்றாள். எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன் கோகிலாக்கா, இங்கேயே இப்போதே சொல்லிவிடுகிறேன், யார் கையிலும் ஒன்றும் இல்லை, எல்லாம் ரொட்டிக்கடை அடுப்பு என்று சொல்லிவிடுகிறேன் என்று படபடத்தாள். கோகிலா அவளை நிதானமாகப் பார்த்தாள்.

"வாயத் தொறந்தே, கொன்னுடுவேன். பதினோரு வருஷம் நீ வச்சிருந்தே. எனக்கும் பதினோரு வருஷம் வேணும். அந்த மூலை இனிமே எனக்கு. இப்பத் தூக்கு."

ருக்மணி தூக்கினாள். கோகிலா முதல் பானையோடு நிமிர்ந்து கோவில் தெருவுக்குள் நடந்தாள். ருக்மணி தன் குட்டைப் பானையைத் தானே தலையில் ஏற்றிக்கொண்டு, அவளுக்குப் பின்னால் இரண்டாவதாக நடந்தாள். அறுபத்தெட்டாம் வருடம் ஆடிவரைக்கும் அவள் அந்த விஷயத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை, நடராஜனிடம்கூட.